நூல்நிலைய காமிக்ஸில் நீல ஸ்டிக்கர், ரோஸ் ஸ்டிக்கர்: எடுத்துவிடலாமா?

தீவு டீச்சர் (பினாங்கு):

வணக்கம். மலேசியாவில், பினாங்குத் தீவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலை செய்கிறேன். ஐந்து வருடமாக நூல்நிலையமும் என் பொறுப்பு. இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன், காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்க ஆசைப்படுகிறேன்.

எங்களிடம் காமிக்ஸுக்கென்று ஓர் அலமாரி இருக்கிறது. பெரும்பாலும் மலாய்ப் புத்தகங்கள், கொஞ்சம் ஆங்கிலம், தமிழில் தெனாலிராமன், புராணக் கதை என்று நாலைந்து. ஓய்வு நேரம் இருபது நிமிடம்தான். அதற்குள் பிள்ளைகள் சாப்பிட்டு, புத்தகம் எடுத்து, நோட்டில் பெயர் எழுதிவிட்டு வகுப்புக்கு ஓட வேண்டும். தேடுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று போன வருடத் தொடக்கத்தில் எல்லாப் புத்தகத்தின் முதுகிலும் வட்ட ஸ்டிக்கர் ஒட்டினேன். சண்டை, ரோபோ, பந்து விளையாட்டு என்றால் நீலம். தோழிகள், பூனைக்குட்டி, கேக் கடை என்றால் ரோஸ். நீலம் மாணவருக்கு, ரோஸ் மாணவியருக்கு என்று சுவரிலும் எழுதி வைத்தேன். நம் நாட்டுக் கேலிச்சித்திரக்காரர் லாட் வரைந்த 'கம்போங் பாய்' புத்தகத்துக்குத் தலைப்பில் 'பாய்' இருக்கிறது என்பதற்காகவே நீலம் ஒட்டினேன். பேராக் மாநிலத்தில் ஒரு கம்பத்து (கிராமத்து) பிள்ளை பிறந்து வளரும் கதை அது. 1979-இல் வந்ததிலிருந்து இந்த நாட்டில் தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை படிக்கிறார்கள். அதை ஒட்டும்போதாவது என் கை நின்றிருக்க வேண்டும்.

நாலாம் ஆண்டில் ஒரு பையன் இருக்கிறான். அவன் அம்மா காலையில் சாலையோரத்தில் கறிபாப், நாசி லெமாக் விற்கிறார். விடியற்காலையில் இலை மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். ஒரு சிறுமியும் அவள் பாட்டியும் கேக் கடை நடத்துவதாக ஒரு மலாய்ச் சித்திரக்கதைத் தொடர் எங்களிடம் உண்டு. மூன்று பாகம் வரை விடாமல் எடுத்துப் படித்தவன் அவன்தான். ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு நாலாம் பாகத்தை எடுத்தான், சுவரைப் பார்த்தான், திருப்பி வைத்துவிட்டான். நான் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை எனக்கு.

இரண்டு வாரம் கழித்து, நூலகக் கண்காணிப்பாளர் மாணவி ஒருத்தி அவனைக் கையோடு இழுத்து வந்தாள். அறிவியல் பாடநூலுக்குள் நாலாம் பாகம் இருந்தது. "திருடல டீச்சர். பேர் எழுதுனா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஸ்டிக்கருக்கு முந்தைய வருடம் ரோஸ் புத்தகங்களை எடுத்தவர்களில் பதினொரு பையன்கள். ஒட்டிய பிறகு ஒருவர்கூட இல்லை.

உடனே பிய்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என்னோடு வேலை செய்யும் ஆசிரியை ஒருவர் வேண்டாம் என்கிறார். பழைய அலமாரியில் பையன்கள் முண்டியடித்து எல்லாவற்றையும் எடுத்துப் போய்விடுவார்கள், பெண் பிள்ளைகள் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்புவார்கள், ரோஸ் வந்த பிறகுதான் அவர்களுக்கென்று ஓர் இடம் கிடைத்தது என்கிறார். அதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ரோஸ் புத்தகங்களை எடுத்த பெண் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள் என்று அதே நோட்டு சொல்கிறது.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் காமிக்ஸ் வாங்க 800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்திருக்கிறது. எதை வாங்குவது, எப்படி அடுக்குவது? சண்டைக் கதை பையனுக்கு, மனசுக் கதை பெண்ணுக்கு என்பது எங்கிருந்துதான் வந்தது?


பிறை மாமா (பிறை):

டீச்சருக்கு வணக்கம். ஸ்டிக்கரை எடுத்துவிடுங்கள். காரணத்தை என் வீட்டிலிருந்தே சொல்கிறேன்.

1975-இல் எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. அப்பா துறைமுகத்தில் வேலை செய்தார். சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை எங்களை ஃபெரியில் ஏற்றித் தீவுக்குக் கூட்டிப் போவார். சௌராஸ்தா சந்தைப் பக்கம் பழைய புத்தகக் கடையில் ஆங்கிலக் காமிக்ஸைக் கட்டுக் கட்டாகப் பேரம் பேசி வாங்குவார். அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அதனால் எது யாருக்கு என்று பிரித்துத் தரவும் தெரியாது. கட்டை அவிழ்த்து நடுவில் போட்டுவிடுவார்.

அந்தக் கட்டில் 'கமாண்டோ' இருக்கும், உள்ளங்கை அளவுப் போர்க்கதை. 'பன்ட்டி' இருக்கும், ஆங்கிலேயப் பெண் பிள்ளைகளின் வாரப் பத்திரிகை. என் அக்காவுக்கு டாங்கியும் நீர்மூழ்கிக் கப்பலும்தான் உயிர். எனக்கு 'பன்ட்டி'யில் வரும் நான்கு மேரிகள். விடுதிப் பள்ளியில் ஒரே பெயரில் நான்கு சிநேகிதிகள். அதில் ஒருத்தி உதவித்தொகையில் படிக்க வந்த ஏழை வீட்டுப் பெண், பணக்காரப் பிள்ளைகள் அவளைக் குத்திக் காட்டுவார்கள். வெள்ளைக்கார விடுதியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அந்தக் குத்தல் எனக்குத் தெரியும். நகரத்துப் பள்ளியில் அதை நானும் வாங்கியிருக்கிறேன். பின்னட்டையில் காகிதப் பொம்மையும் அதற்கு உடுத்திவிட உடுப்புகளும் இருக்கும். கத்தரித்தது நான்தான். அக்கா கத்தரிக்கோலைத் தொட மாட்டார்.

பெரியவனான பிறகுதான் தெரிந்தது, 1958-இல் தொடங்கிய 'பன்ட்டி'யையும் 1961-இல் தொடங்கிய 'கமாண்டோ'வையும் வெளியிட்டது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் இருக்கும் ஒரே நிறுவனம், டி.சி. தாம்சன். லண்டனிலும் அப்படித்தான். 1950-இல் பையன்களுக்கு 'ஈகிள்' வந்தது, அடுத்த வருடமே பெண்களுக்கு அதன் தங்கை போல 'கேர்ள்' வந்தது. வீட்டில் இரண்டு பிள்ளை இருந்தால் இரண்டு பத்திரிகை விற்கலாம் அல்லவா? பிரித்தது வியாபாரம். என் அப்பா கட்டை நடுவில் போட்டதால் நாங்கள் தப்பித்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு ஆரம்பித்தது நிறையப் பேருக்குத் தெரியும். அதே குடும்பத்திலிருந்து 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தபோது முதல் இதழின் நாயகி ஒரு பெண்: 'கத்தி முனையில் மாடஸ்டி'. லண்டனில் 1963 முதல் பீட்டர் ஓ'டொனல் எழுத, மாலை நாளிதழில் தினம் ஒரு பட்டையாக வந்த கதை. அங்கே அலுவலகம் விட்டு வீடு திரும்பும் ஆணும் பெண்ணும் படித்தார்கள். இங்கே தமிழில் வந்தபோது என்னைப் போன்ற வாலிபர்கள் கையில் விழுந்தது. அதே படம், அதே பெண். எங்கே வைத்து விற்கிறார்களோ, அதைப் பொறுத்து வாசகர் மாறிவிடுகிறார். உங்கள் சுவரில் எழுதியதும் அந்த மாதிரிதான் வேலை செய்திருக்கிறது.


செந்தூல் கோடு (கோலாலம்பூர்):

டீச்சர், நான் காமிக்ஸ் வரைகிறவள். கோலாலம்பூரில் சிறுவர் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்து பிழைக்கிறேன், இரவில் என் சொந்தக் கதையை வரைகிறேன். மாமா சொன்னதில் பாதிதான் எனக்குச் சம்மதம். பிரித்தது வியாபாரம் என்பது சரி. ஆனால் அப்படிப் பிரித்த இடத்தில் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் காமிக்ஸை ஷோனென், ஷோஜோ, செய்னென், ஜோசெய் என்று நான்காகச் சொல்வார்கள்: பையன், சிறுமி, வளர்ந்த ஆண், வளர்ந்த பெண். நிறையப் பேர் இதைக் கதையின் வகை என்று நினைக்கிறார்கள். அது கதை எந்தப் பத்திரிகையில் வந்தது என்பதைக் காட்டும் முகவரி. 1968-இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' இதழில் வந்தால் அது ஷோனென். 1954-இல் தொடங்கிய 'நகாயோஷி'யில் வந்தால் ஷோஜோ. 'செய்லர் மூன்' முழுக்கச் சண்டைதான், ஆனால் 1991 கடைசியில் 'நகாயோஷி'யில் ஆரம்பித்ததால் அது ஷோஜோ. உங்கள் கணக்கில் அதற்கு என்ன நிறம் ஒட்டியிருப்பீர்கள்?

ஆரம்ப காலத்தில் சிறுமிகள் பத்திரிகைக்கும் வரைந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். தெசுகா ஒசாமு 1953-இல் 'ஷோஜோ கிளப்' இதழில் வாள் பிடிக்கும் இளவரசியின் கதையைத் தொடங்கினார். 1970-களில் ஹாகியோ மோட்டோ, தாகேமியா கெய்கோ, இகேடா ரியோகோ என்று இளம்பெண்கள் அந்தப் பத்திரிகைகளுக்குள் வந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியை, ஆண் உடையில் அரண்மனைக் காவல் படைக்குத் தலைமை தாங்கும் ஒரு பெண்ணை வைத்து இகேடா 1972-இல் வாராவாரம் வரைந்தார். சிறுமிகளுக்கு இது போதும் என்று ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் நின்றுதான் அதைச் செய்தார்.

இவர்கள் கையில் பக்கமே மாறிப்போயிற்று. என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சண்டைக் கதையில் கட்டங்கள் பெரும்பாலும் வரிசை தவறாது: இங்கே அடித்தான், அங்கே விழுந்தான். கண் ஓட வேண்டும், அதற்கு அதுதான் சரி. ஷோஜோ பக்கத்தில் கட்டத்தின் கோடு கரைந்துவிடும். ஒரு முகம் பக்கத்தின் மேலிருந்து கீழ் வரை இறங்கும். மனசுக்குள் நினைப்பது பலூன் இல்லாமல் வெள்ளை வெளியில் மிதக்கும். பின்னால் பூ வரைவது அழகுக்கு மட்டுமல்ல, அந்த நொடியில் மனசு எப்படி இருக்கிறது என்பதற்கு. யாரும் அசையாத ஒரு நிமிடத்தை மூன்று பக்கத்துக்கு நீட்ட முடியும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது ரோஸ் புத்தகங்கள்தான். உங்கள் பையன்கள் நீலத்தை மட்டும் படித்தால் இந்த மொழி அவர்கள் கண்ணில் படாமலே போகும். பெண் பிள்ளைகள் ரோஸை மட்டும் படித்தால் உடம்பு பாய்வதை, விழுவதை, எழுவதை எப்படி வரைவது என்று தெரியாமல் போகும். எனக்கு அப்படித்தான் ஆனது. ஓடுகிற ஆளை ஒழுங்காக வரைய இருபத்தைந்து வயதாயிற்று.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' கதையை 2001-இலிருந்து பையன்கள் பத்திரிகை ஒன்றில் வரைந்தவர் அராகாவா என்ற பெண். ஹிரோமி என்ற தன் பெயரை ஆண் பெயராக ஒலிக்கும் ஹிரோமு என்று மாற்றிக்கொண்டார். அதைப் படிக்கும்போதெல்லாம், "பேர் எழுதுனா தெரிஞ்சிடும்" என்ற உங்கள் மாணவன் இனி எனக்கு நினைவுக்கு வருவான்.

அப்புறம், ஜப்பானிலும் எல்லாமே இப்படிப் பிரிந்து கிடக்கவில்லை. நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த 'டோராஏமோன்' முதலில் வந்தது ஷோகாக்குக்கான் பதிப்பகத்தின் வகுப்புவாரி மாத இதழ்களில். ஒன்றாம் வகுப்புக்கு ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஒன்று என்ற கணக்கு. 1970 ஜனவரி இதழ்களில் ஆரம்பித்தபோது வாசகரின் வயதைத்தான் பார்த்தார்கள். ஆணா பெண்ணா என்று பார்க்கவில்லை. நம் ஊர் 'எக்ஸ்-வெஞ்சர்' காமிக்ஸ் வரிசையிலும் குழுவில் பையனும் உண்டு, பெண்ணும் உண்டு. அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஸ்டிக்கரை எடுங்கள், ஆனால் ரோஸ் புத்தகங்களைக் குறைத்துவிடாதீர்கள். பொது என்று சொல்லிக்கொண்டு சண்டைக் கதைகளை மட்டும் வாங்கிவைக்கும் நூலகங்களை நான் பார்த்திருக்கிறேன்.


கெப்போங் அம்மா (கோலாலம்பூர்):

உங்களோடு வேலை செய்யும் ஆசிரியை சொல்வதை லேசாகத் தள்ளிவிடாதீர்கள் டீச்சர். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சின்ன வயதில் நானும் காமிக்ஸ் கடைக்குப் போனவள். பேரங்காடியின் மேல்மாடியில் இருட்டாக ஒரு கடை. உள்ளே அத்தனை பேரும் பையன்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை, ஆனால் நான் கையில் எடுத்ததை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது முறை போகவில்லை.

அமெரிக்காவில் நடந்ததும் இதுதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு காலத்தில் அங்கே பெண்கள் காமிக்ஸை அள்ளி அள்ளிப் படித்தார்கள். கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய சைமனும் கிர்பியும்தான் 1947-இல் 'யங் ரொமான்ஸ்' தொடங்கினார்கள், அதைப் பார்த்துக் காதல் காமிக்ஸ் குவிந்தது. 1954-இல் தணிக்கை விதிகள் வந்து கதைகளில் உப்புச்சப்பு இல்லாமல் போயிற்று. 1970-களிலிருந்து மளிகைக் கடை, மருந்துக் கடை அடுக்குகளை விட்டுத் தனிக் காமிக்ஸ் கடைகளுக்கு வியாபாரம் நகர்ந்தது. அம்மாவோடு சாமான் வாங்கப் போன சிறுமி கையெட்டும் தூரத்தில் புத்தகம் இல்லாமல் போனது. பிறகு, பெண்கள் காமிக்ஸ் படிப்பதில்லை என்று அவர்களே சொன்னார்கள். 2010-இல் ரைனா டெல்கெமயர், தான் பல் உடைத்துக்கொண்டு பள்ளிக்குப் போன கதையை 'ஸ்மைல்' என்று வரைந்தபோது பள்ளிப் புத்தகக் கண்காட்சிகளிலும் நூலகங்களிலும் பிள்ளைகள் அதைத் தேடித் தேடி எடுத்தார்கள். படிக்கிறவர்கள் எப்போதும் இருந்தார்கள், அவர்கள் போகிற இடத்தில் புத்தகம் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் நிறத்தை எடுத்தால் மட்டும் போதாது. யார் முதலில் ஓடி வருகிறார்கள், யார் எங்கே உட்காருகிறார்கள், அலமாரி எந்த மூலையில் இருக்கிறது, இதையெல்லாம் மாற்றுங்கள். ஒரே அலமாரி என்றால் பலம் உள்ளவன்தான் எடுப்பான். என் பெரியவளை நான் அறிவேன், இடித்துக்கொண்டு உள்ளே போகமாட்டாள்.


ரவாங் தம்பி:

நான் சின்னதாக ஒன்று சொல்கிறேன் டீச்சர். அந்தப் பையன் பயந்தது ஸ்டிக்கருக்கு மட்டும் இல்லை, நோட்டுக்கும்தான். அடுத்து எழுதுகிறவன் மேலே இருக்கிற பேரை எல்லாம் படிப்பான். என் இடைநிலைப்பள்ளியில் பேருக்குப் பதிலாக ஆளுக்கு ஓர் எண் அட்டை கொடுத்தார்கள். யார் எந்த எண் என்று ஆசிரியருக்கு மட்டும் தெரியும். அக்காவின் மங்காவை (ஜப்பானியக் காமிக்ஸை) வீட்டில் போர்வைக்குள் வைத்துப் படித்த நான், பள்ளியில்தான் பயமில்லாமல் படித்தேன்.


தீவு டீச்சர் (பினாங்கு):

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

தம்பி சொன்னதை முதலில் செய்தேன். எண் அட்டை அடித்தாயிற்று. நோட்டில் இனி எண் மட்டும்தான். நீலாம் (NILAM) என்ற பள்ளி வாசிப்புத் திட்டத்தின் பதிவுக்குப் பிள்ளைகள் அவரவர் ஏட்டில் எழுதிக்கொள்கிறார்கள், அதை நான் மட்டும் பார்க்கிறேன். இத்தனை நாள் எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று வருத்தமாக இருக்கிறது.

ஸ்டிக்கர் லேசில் வரவில்லை. தேங்காய் எண்ணெய் தடவி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பழைய துணியால் தேய்த்தோம். என்னை எதிர்த்துப் பேசிய அந்த ஆசிரியையே இரண்டு சனிக்கிழமை வந்து கூட உட்கார்ந்து தேய்த்தார். கெப்போங் அம்மா எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "நான் சொன்னது இதைத்தான்" என்றார். ஆமாம், அவர் சொன்னது இதைத்தான். நான்தான் நிறத்தைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அலமாரியை இரண்டாக்கி எதிர் எதிர் மூலையில் வைத்திருக்கிறோம். இரண்டிலும் எல்லாமே கலந்துதான் இருக்கிறது. பேய், பள்ளி, குடும்பம், சண்டை, சமையல், மிருகம் என்று அட்டையில் எழுதித் தட்டுகளில் ஒட்டினோம். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு நாள் என்ற யோசனைக்குத் தலைமையாசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பதில், நாளுக்கு ஒரு வகுப்பு மற்ற வகுப்புகளுக்கு முன்னதாக வர ஏற்பாடு செய்தார். ஓட்டப் பந்தயம் குறைந்திருக்கிறது, ஆனால் நின்றுவிடவில்லை. இது எனக்கு இன்னும் திருப்தி இல்லை.

பிறை மாமா, உங்கள் அப்பாவைப் போல ஒரு நாள் செய்து பார்த்தேன் ஐயா. புதுப் புத்தகங்களை அலமாரியில் வைக்காமல் பாய் விரித்து நடுவில் கொட்டினேன். ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகள் இரண்டு பேர் காற்பந்துக் கதையின் ஒரே பாகத்துக்குச் சண்டை போட்டார்கள். செந்தூல் தங்கச்சி, நீங்கள் சொன்னது போல ரோஸ் புத்தகங்கள் குறையாமல் 800 வெள்ளியைப் பாதிப் பாதியாகப் பார்த்துத்தான் செலவழித்தேன். கட்டம் கரைகிற பக்கத்தை இப்போது நானே தேடிப் பார்க்கிறேன்.

அந்தப் பையன் நாலாம் பாகத்தை முறையாக எடுத்துப் போனான். இன்னமும் பாடநூலுக்குள் வைத்துத்தான் கொண்டு போனான். நான் ஒன்றும் கேட்கவில்லை. நேற்றுத் திருப்பிக் கொடுக்கும்போது, பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் கதை நிற்கிறது, ஐந்தாம் பாகம் எங்கே டீச்சர் என்று கேட்டான். எங்களிடம் இல்லை. இரண்டு கடையில் விசாரித்தேன், அச்சில் இல்லை என்கிறார்கள். இந்தச் சனிக்கிழமை சௌராஸ்தா மாடியில் பழைய புத்தகக் கடைகளைப் பார்க்கப் போகிறேன். அதற்குள் யார் கண்ணிலாவது பட்டால் எனக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.